முதலில் கமா, பிறகு காது

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியபோது ஆங்கில இலக்கணக் கேள்விகளைக் காதை நம்பித்தான் போட்டேன். நான்கு விடைகளையும் மனதுக்குள் வாசிப்பேன், நன்றாக ஒலிப்பதைத் தேர்ந்தெடுப்பேன். எளிய கேள்விகளில் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் போனால் மதிப்பெண் விழுந்தது. தவறிய கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது: என்னுடையது தமிழ்க் காது.

"வாக்கிங் ஹோம், தி ரெயின் ஸ்டார்ட்டட்." இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தமிழில் 'வீட்டுக்கு நடந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது' என்று தாராளமாகச் சொல்கிறோம். நடந்தது நான், பெய்தது மழை. கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலத் தேர்வில் இந்தச் சலுகை கிடையாது. கமாவுக்கு முன்னால் உள்ள 'வாக்கிங்', கமாவுக்குப் பின்னால் வரும் எழுவாயோடு ஒட்டிக்கொள்ளும். எழுதியபடி பார்த்தால் நடந்து போனது மழை! கமாவுக்குப் பிறகு 'ஐ' வரும் விடைதான் சரி. இது பிடிபட்ட பிறகு, இப்படித் தொடங்கும் வாக்கியங்களில் 'யார் நடந்தது?' என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு விடையும் யாரை வைத்துத் தொடங்குகிறது என்பதை மட்டும் பார்ப்பேன். சில நொடிகளில் முடிந்துவிடும்.

அப்புறம் நிறுத்தற்குறிகள். இரண்டு பக்கமும் தனித்து நிற்கக்கூடிய வாக்கியங்கள் என்றால் நடுவில் வெறும் கமா போதாது. பெரும்பாலும் ஃபுல் ஸ்டாப், செமிகோலன் (;), அல்லது கமாவோடு 'அண்ட்', 'பட்' போன்ற சொல் வேண்டும். 'ஹவெவர்' அந்தக் கூட்டத்தில் சேராது. 'ஆனால்' என்றுதானே பொருள் என்று நினைத்து, இருபுறமும் கமா போட்ட விடையை நான் பலமுறை தேர்ந்தெடுத்திருக்கிறேன். பொருள் 'ஆனால்'தான், இரண்டு வாக்கியங்களை ஒட்டும் பசை மட்டும் அதற்கு இல்லை. இன்னொன்று: இரண்டு விடைகளில் வித்தியாசம் செமிகோலனா ஃபுல் ஸ்டாப்பா என்பது மட்டும்தான் என்றால், இரண்டையும் அடித்துவிடுங்கள். ஒரே வேலை செய்யும் இரண்டில் ஒன்று மட்டும் சரியாக இருக்க வழியில்லை.

இலக்கணத்தைத் தாண்டி எழுத்து நடையைச் சோதிக்கும் கேள்விகள், எஸ்ஏடி போன்ற இன்னொரு தேர்வான ஏசிடியில்தான் அதிகம். 'ஆனுவல்' (ஆண்டுதோறும் நடக்கும்) என்று சொல்லிவிட்டு அதே வாக்கியத்தில் 'எவ்ரி இயர்' வந்தால் ஒன்று மிகை. நான்கும் இலக்கணப்படி சரி, பொருளும் குறையவில்லை என்றால் மிகச் சுருக்கமான விடையை எடுங்கள். இலக்கணத்தைப் பார்க்காமல் நீளத்தை மட்டும் அளந்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'நோ சேஞ்ச்' (உள்ளபடியே விடு) என்ற விடையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். அதுவும் மற்ற மூன்றைப் போல ஒரு விடைதான்.

இப்போதைய டிஜிட்டல் எஸ்ஏடியில் ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதிக்கு இரண்டு மாட்யூல்கள், அதாவது தனித்தனி நேரம் கொண்ட இரண்டு பாதிகள். ஒவ்வொன்றிலும் 27 கேள்விகள், 32 நிமிடங்கள். வாசிப்புக் கேள்விகள் முதலில் வரும், இலக்கணம் அதற்குப் பிறகு. ஒரு மாட்யூலுக்குள் முன்னும் பின்னும் போகலாம் என்பதால், நான் இலக்கணத்துக்குத் தாவி அதை முடித்துவிட்டுத்தான் முதல் கேள்விக்குத் திரும்புவேன். மிச்சமாகும் நிமிடங்கள் முழுவதும் கடினமான வாசிப்புப் பத்திகளுக்குப் போகும்.