267-ஆம் பிரிவுக் கேள்வியா? முதலில் நீதிமன்றத்தைப் பாருங்கள்

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் பேப்பர் ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல மார்க்கோடு தேறிவிட்டேன், அப்பாடா! வழக்குப் பட்டியலை மனப்பாடம் செய் என்று சீனியர்கள் சொன்னார்கள். எனக்கு அது ஏறாது. கதை தெரிந்தால்தான் தீர்ப்பு மனதில் நிற்கும். உங்களுக்கும் அப்படித்தான் என்றால் மேலே படியுங்கள்.

267 என்பது, ஒன்றியச் சட்டத்துக்கு என்ன பொருள், அது செல்லுமா என்று உறுப்பு நாட்டு நீதிமன்றங்கள் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கேள்வி அனுப்பும் ஒப்பந்தப் பிரிவு. தேர்வில் அது வந்தால், கேள்வி அனுப்பும் நீதிமன்றம் எந்தப் படியில் இருக்கிறது என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். கீழமை நீதிமன்றம் லக்சம்பர்க்கிடம் கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத நீதிமன்றம் கேட்டே ஆகவேண்டும். இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் வழியில்லாதது என்றதும் உச்ச நீதிமன்றம்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

1964-இன் கோஸ்டா வழக்கைப் பாருங்கள். மின்சாரத் துறையை நாட்டுடைமையாக்கியதை எதிர்த்து மிலான் வக்கீல் ஒருவர் கரண்ட் பில் கட்ட மறுக்கிறார். தொகை இரண்டாயிரம் லீராகூட இல்லை. சில்லறை வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதியிடம் அது போகிறது. தொகை அவ்வளவு சிறியது என்பதால் அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது. அதாவது இத்தாலியின் அடிமட்ட நீதிமன்றமே அந்த வழக்கில் கடைசிப் படி! ஐரோப்பிய ஒப்பந்தத்தோடு மோதினால், பிந்தைய உள்நாட்டுச் சட்டமே செல்லும் என்று இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் அதே ஆண்டு மார்ச்சில் சொல்லியிருந்தது. மிலான் நீதிபதி அனுப்பிய கேள்விக்கு ஜூலையில் லக்சம்பர்க் நேர்மாறாகப் பதில் சொன்னது. ஒன்றியச் சட்டத்தின் முதன்மை அங்கேதான் பிறந்தது.

மற்றவை சுருக்கமாக:

- ரைன்மியூலன், 1974: மேல் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற உள்நாட்டு விதி, கீழமை நீதிமன்றம் கேள்வி அனுப்புவதைத் தடுக்காது.
- சிம்மென்தால், 1978: முரணான உள்நாட்டுச் சட்டத்தைக் கீழமை நீதிபதியே ஒதுக்கிவைக்க வேண்டும். அரசியலமைப்பு நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.
- ஃபோட்டோ-ஃப்ராஸ்ட், 1987: ஒன்றியத்தின் சட்டமே செல்லாது என்று தோன்றினால் கீழமை நீதிமன்றத்துக்கும் ‘கேட்கலாம்’ கிடையாது, கேட்டே ஆகவேண்டும். மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு முறை அடிக்கோடிடுங்கள்.
- சில்ஃபிட், 1982: கேட்டே ஆகவேண்டும் என்ற கடமைக்கு இந்தத் தீர்ப்பு தரும் விலக்குகள் கடைசிப் படிக்கு மட்டும். கேள்வியில் இருப்பது கீழமை நீதிமன்றம் என்றால் ஒரு வரி போதும்.

அப்புறம், பழைய நோட்ஸை நம்பாதீர்கள். 2024 அக்டோபரிலிருந்து வாட், சுங்கம், பயணிகள் இழப்பீடு உள்ளிட்ட ஆறு துறைகளில் வரும் கேள்விகள் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அடுத்த படியில் இருக்கும் ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்துக்கு மாற்றப்படுகின்றன. கேள்வி அனுப்பும் நீதிமன்றம் அதற்காக முகவரியை மாற்ற வேண்டாம். வழக்கம்போல ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே அனுப்ப வேண்டும், பிரித்துக்கொடுப்பது அவர்கள் வேலை.