5:40க்கு ஏற்றிய காற்று

லாக்புக்கில் நான் எழுதிய வரி இதுதான்: "காலை 5:40, கேட்காமல் காற்று கூட்டப்பட்டது. சோதனை கெட்டது." அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வரி இன்றுவரை என்னை உறுத்துகிறது.

காற்றைக் குறைத்துப் பார்க்கலாம் என்றது நான்தான். எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஆகும் மின்சாரத்தில் பாதியளவு, தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் ப்ளோவருக்கே போகிறது. கழிவுநீரில் உள்ள ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தொட்டியிலுள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்ற நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். நடுப்படியான நைட்ரைட்டோடு நிறுத்தி, அங்கிருந்தே நைட்ரஜன் வாயுவாக்கிவிட்டால் ஆக்சிஜனில் கால்வாசி மிச்சம், வாயுவாக்கத் தேவைப்படும் கார்பனில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். நம் சிங்கப்பூர்க் கழிவுநீர் 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் இது இங்கே எளிதாகக் கைகூடும். இங்குள்ள சாங்கி ஆலையின் பிரதான தொட்டிகளிலேயே, ஆக்சிஜன் இல்லாமல் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கும் அனாமாக்ஸ் பாக்டீரியா வேலை செய்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்களாலும் முடியும் என்று உறுதியாக நம்பினேன்.

லிட்டருக்கு 2 மில்லிகிராமில் இருந்த ஆக்சிஜனைப் படிப்படியாக 0.6க்கு இறக்கியிருந்தோம். அன்று விடியற்காலை, இரவு ஷிஃப்டில் இருந்த அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, அம்மோனியா ஏறிக்கிட்டே போகுது. இன்னும் கொஞ்ச நேரத்துல ஊரு முழிச்சு காலைக் கழிவுத்தண்ணி வந்துரும்."

"வரட்டும்ணே. அதைத் தாங்குதான்னு பாக்கத்தானே சோதனை."

"தாங்கலைன்னா?"

"எட்டு மணிக்கு நான் வந்து பாக்கறேன்ணே."

அவ்வளவுதான் பேச்சு. அவர் வைத்துவிட்டார். ப்ளோவரை ஏற்றினார்.

அம்மோனியா 4ஐத் தொட்டால் சோதனையை நிறுத்த வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அவர் ஏற்றியபோது 3கூட ஆகவில்லை. இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் தாங்கியதா இல்லையா என்று தெரிந்திருக்கும். இப்போது அது யாருக்கும் தெரியாது. அதனால் என் கோபம் நியாயம்தான்.

ஆனால் அந்த 4ஐ நான் போனில் சொல்லவில்லையே? கட்டுப்பாட்டறைச் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தது உண்மை. "தாங்கலைன்னா?" என்று ஒருவர் கேட்கும்போது சுவரிலா பதில் இருக்க வேண்டும்? இந்தத் தண்ணீர்தான் அப்புறம் மறுபடி சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டர் என்ற மீள்பயன் நீர் ஆகிறது. பல வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்தவர் பயந்தது தப்பா? அம்மோனியாவை மாற்றும் நைட்ரிஃபையர், மெதுவாக வளரும் பாக்டீரியா. ஒருமுறை கைவிட்டுப் போனால் மீட்க நாள்கணக்கில் ஆகும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காற்றைக் குறைத்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுமைக்குடில் வாயுவும் கூடலாம். அதை நான் அளக்கவே இல்லை.

சரி, அவர் கேட்டிருக்கலாம். கேட்டார்தானே?

பிறகு அம்மோனியா மீட்டரையே ப்ளோவரோடு இணைத்தோம். 3ஐத் தாண்டினால் காற்று தானாக ஏறும். மின்சாரமும் மிச்சமாகிறது. அந்த எண்ணை முடிவு செய்த கூட்டத்தில் அண்ணனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

லாக்புக்கில் என் வரிக்குக் கீழே, ஷிஃப்ட் ஒப்படைத்ததற்கான அவர் கையெழுத்து இருக்கிறது. படித்துவிட்டுத்தான் போட்டாரா என்று இதுவரை கேட்கவில்லை.