எரிவு வேறு, ஒவ்வாமை வேறு: நச்சியல் தாளுக்குப் படித்த அனுபவம்

தோலை அரிக்கும் (அதாவது சொறி அல்ல, தோலையே அழித்துப் புண்ணாக்கும்) ஒரு தொழிற்சாலை இரசாயனத்தின் ஒவ்வாமையூட்டும் தன்மையை எப்படி மதிப்பிடுவீர்கள்? நச்சியல் பரீட்சையில் வந்த கேள்வி இது. முதல் தடவை, "தோலையே அரிக்கிறது என்றால் ஒவ்வாமையும் தரும்" என்று எழுதிவிட்டேன். புள்ளி கிடைக்கவில்லை. மறுபடி எழுதுவதற்காகக் கிளிநொச்சி வீட்டிலிருந்து படித்தபோதுதான் பிழை விளங்கியது.

அப்பா மேசன். ஈரச் சீமெந்தின் பிஎச் (அமில, கார அளவு) 12க்கு மேல், அதாவது வன் காரம். பாதுகாப்பில்லாமல் நெடுநேரம் பட்டால் யாருடைய தோலும் வெந்துபோகும், அது அரிப்பு. அவரோடு வேலை செய்த ஒருவருக்கோ பல வருடம் ஒன்றும் செய்யாத சீமெந்து, அப்புறம் கொஞ்சம் பட்டாலே ஓரிரு நாளில் கடித்து வீங்க வைத்தது. இது ஒவ்வாமை. சீமெந்திலுள்ள அறுவலுக் குரோமியத்தை (குரோமியம் VI) உடல் ஒருமுறை எதிரியாகப் பழகிவிட்டால் பிறகு மறக்காது. அதனால்தான் ஐரோப்பாவில் 2005 முதல் சீமெந்தில் நீரில் கரையும் அறுவலுக் குரோமியம் 2 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் 2 பங்கு) மேல் இருக்கக்கூடாது.

ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தன் தொழிற்சாலை செய்த கோஸ்டிக் சோடாவை எடுங்கள். கடுமையாக அரிக்கும். ஆனால் நீர்த்த கரைசலை மனிதத் தோலில் வைத்துப் பார்த்த சோதனையில் ஒவ்வாமை வரவில்லை. ஃபோர்மல்டிஹைட்டும் அரிக்கும், அதோடு வலுவான ஒவ்வாமையூட்டியும்கூட. ஆக, அரிக்கும் தன்மையை வைத்து எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது.

சரி, விடையை எங்கே தொடங்குவது? பிஎச்சில் தொடங்குங்கள். பிஎச் 2 அல்லது அதற்குக் கீழான வன் அமிலம், 11.5 அல்லது அதற்கு மேலான வன் காரம், தோலை அரிப்பதென வகைப்படுத்தப்பட்ட பொருள் ஆகியவற்றுக்கு ஐரோப்பாவின் இரசாயனச் சட்டமான ரீச், தோல் ஒவ்வாமைச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சோதிக்கத் தேவையில்லை என்பது ஒவ்வாமை தராது என்பதல்ல. தொழிலாளியின் கையில் படுவது பெரும்பாலும் நீர்த்த கரைசல்தான். அங்கே அரிப்பு இல்லாமல் போகலாம், ஒவ்வாமை இருக்கலாம். இதை ஒரு பந்தியாகவே எழுதுங்கள்.

அடுத்து மூலக்கூறின் அமைப்பு, ஒத்த பொருட்களின் தரவு, தொழிலாளரிடம் கண்ட பாதிப்பு. அதற்குப் பிறகுதான் ஆய்வுகூடம். ஓஈசிடி என்ற சர்வதேச அமைப்பின் 442சி வழிகாட்டிச் சோதனையில் பொருளை சிஸ்டீன், லைசீன் பெப்டைடுகளோடு (சிறு புரதத் துண்டுகள்) 24 மணிநேரம் வைத்து எவ்வளவு பிணைகிறது என்று பார்ப்பார்கள். செல் இல்லாததால் சாவதற்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் வன் அமிலமோ காரமோ கரைசலின் பிஎச்சைக் குழப்பாமல் பார்க்கவேண்டும். 442டி, 442ஈ இரண்டும் செல் சோதனைகள், செறிவு கூடினால் செல் செத்துவிடும். 2021இல் வந்த 497ஆம் வழிகாட்டியின் ஒரு முறையில், இந்த மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவெடுக்கலாம்.

சுண்டெலியின் நிணநீர்க்கணுச் சோதனையில் (ஓஈசிடி 429) பொருளைக் காதில் பூசி, அருகிலுள்ள நிணநீர்க்கணுவில் செல்கள் எவ்வளவு பெருகின என்று பார்ப்பார்கள். பூசாத எலிகளைவிட எத்தனை மடங்கு என்பதே தூண்டல் குறியீடு, அது 3ஐத் தொட்டால் நேர்மறை. ஆனால் வெறும் எரிச்சலாலும் அந்த எண் ஏறும். காதின் தடிப்பு 25 சதவீதம் கூடியிருந்தால் அந்தச் செறிவு அளவுக்கு மீறிய எரிச்சல் தருவது என்று கொள்ளவேண்டும். அரிக்கும் பொருளுக்கு இந்த ஒரு வரியை எழுதாமல் விடாதீர்கள்.

இரண்டாம் தடவை சீமெந்தையே உதாரணமாக வைத்து அரைப் பக்கம் எழுதினேன். அந்தத் தாள் சித்தி. அப்பாவிடம், கையுறைக்குள் ஈரச் சீமெந்து போனால் வேலை முடியும்வரை காத்திராமல் உடனே கழற்றிக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.