ஜோயலைக் கொன்றவள்

தம்பி ஆபியை வேண்டுமென்றே சாகவிட்டுக்கொண்டிருந்தான்.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வீடியோ கேமின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தின் நாயகன் ஜோயலைக் கொன்ற ஆபியாகவே பாதி கேமை ஆடு என்றால் வேறென்ன செய்வான்?

2020-இல் இது வந்தபோது, ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்கே கொலை மிரட்டல் விட்டார்கள். (அந்தம்மா என்ன பண்ணும், பாவம்!)

அப்புறம் கேமில், சியாட்டில் நகரத்தின் உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஒரு பாலம். ஆபி கீழே பார்க்கிறாள். திரைக்கே தலைசுற்றுகிறது. மூச்சு இரைக்கிறது. இவ்வளவு புஜபலம் உள்ளவளுக்கு உயரம் என்றால் பயம்!

தம்பி சட்டென்று கேமராவை நிமிர்த்தினான். "கீழ பாக்காத, நேரா போ."

ஜோயலை மிஞ்சும் இன்னொரு சூரரைக் கொண்டுவந்திருந்தால் இவன் மசிந்திருக்கவே மாட்டான்.

மன்னித்துவிட்டானா? அதெல்லாம் இல்லை. ஆனால் இப்போது ஆயுதங்களை மேம்படுத்தும் மேசையைக் கண்ட இடத்திலெல்லாம் நின்று அவள் துப்பாக்கியை அப்கிரேட் செய்கிறான்.