கூத்து மேடையும் ஃபிளாஷ் இல்லாத கேமராவும்

நேற்று செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் தெருக்கூத்து. விடிய விடிய உட்கார்ந்து படம் எடுத்தேன். ஃபிளாஷைத் தொடவே இல்லை. அரிதாரம் பூசிய முகத்தில் அந்த வெளிச்சம் அடித்தால் நிறமெல்லாம் தட்டையாகிவிடும், ஆடுகிறவருக்கும் கண் கூசும். அதற்கு எனக்கு மனசு வராது.

போன வருஷம் எடுத்ததெல்லாம் கலங்கல். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டப் பயந்து ஷட்டரை 1/30 நொடி திறந்திருக்கும்படி வைத்திருந்தேன். இந்த முறை 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8 (லென்ஸின் திறப்பு; எண் சின்னதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/100. கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் எஃப்/5.6ஐவிட இது கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், வரட்டும். அதைக் குறைத்துக்கொள்ளலாம், அசைந்துபோன படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் 1/100ஐவிட வேகமாகப் போனால் படத்தில் பட்டை பட்டையாக விழும், கவனம்.

எஃப்/1.8இல் தெளிவாக விழும் ஃபோகஸ் பகுதி நூலிழைதான். கண் மையும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் வைத்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

அப்புறம், 1/100 வேகம் சுழன்றாடும்போது போதாது. ஆடி முடித்து நிற்கும் அந்த அரை நொடிதான் நமக்கு. அது வருவதை மத்தளம் முன்னாடியே சொல்லிவிடும். காதைக் கொடுத்துக்கொண்டு எடுங்கள்.

காலையில் வேஷம் கலைக்கும்போது துரியோதனன் கட்டியவரிடம் படத்தைக் காட்டினேன். "முழி அப்படியே விழுந்திருக்கு தம்பி" என்றார். பெரிதாகப் பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.