சைக்கிளில் ஆபீஸ் போக ஆரம்பிக்கிறவங்களுக்கு

சென்னையில் சைக்கிளில் வேலைக்குப் போகிற கூட்டத்தில் புதுசா சேர்றீங்களா? ஜெர்சி, கண்ணாடி எல்லாம் அப்புறம். முதல்ல சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வச்சா முழங்கால் நேரா நிக்கணும். சீட் தாழ்ந்திருந்தா முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். நிறைய பேர் ஒரே மாசத்தில் சைக்கிளை மூலையில் சாத்துறது இதனாலதான்.

டயர் 700x35 (டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவு, 35 மி.மீ. அகலம்), 70 கிலோ ஆள்னா 50 முதல் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று போதும். வாரம் ஒருமுறை பாருங்க. காற்று குறைஞ்சு பள்ளத்தில் இறங்கினா ரிம்மில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டைன்னா முள் அல்லது கம்பித் துண்டு. புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவா தடவிப் பாருங்க. அது உள்ளேயே இருந்தா புது டியூபும் காலி.

பையில் ஒரு டியூப், டயரை நெம்பிக் கழற்ற ரெண்டு டயர் லிவர், சின்ன பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (போல்ட்டைத் திருக்கும் அறுகோணச் சாவி). பம்ப் உங்க வால்வில் பொருந்துதான்னு வீட்டிலேயே சோதிங்க!

மழையில் நனைஞ்சா செயினைத் துடைச்சு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். மிச்சத்தைத் துடைச்சிடுங்க, இல்லேன்னா மண் ஒட்டி அரைக்கும்.

நிறுத்திய கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே ஓட்டுங்க. எந்தக் கதவு எப்போ திறக்கும்னு தெரியாது.