எனக்கு நீள்கிறது

இங்கிலாந்தில் இருக்கிற எக்ஸிட்டருக்கு வந்த முதல் டிசம்பரில் எனக்குத் துணி காயவே இல்லை. யூனிஃபார்மைத் துவைத்து ரேடியேட்டர் மேல் போடுவேன். ஓரமெல்லாம் சூடாகியிருக்கும், தையல் இருக்கிற இடத்தில் மட்டும் ஈரம் நிற்கும். தூத்துக்குடியில் காலையில் மொட்டை மாடிக் கொடியில் போட்டால் பதினோரு மணிக்கெல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிடும். மடிக்கும்போது வெயில் வாசம் அடிக்கும்.

நான் நர்ஸ். இரவு எட்டு மணிக்கு வேலை முடியும்போது ஊரில் நள்ளிரவு ஒன்றரை ஆகியிருக்கும். அதனால் மதிய இடைவேளையில்தான் அம்மாவிடம் பேசுவேன். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அம்மா துணியை உதறி மடிக்கிற சத்தம் போனில் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் போனை வைக்க மனசு வராது.

டிசம்பரில் இங்கே பகல் எட்டு மணி நேரம்தான். நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். விடுமுறை நாளில் அந்தக் குட்டிப் பகல்கூடப் போகாது.

அடுத்த வீட்டுப் பாட்டி பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்: நீளத்துக்கும் 'லாங்', ஏங்குவதற்கும் 'லாங்', இரண்டும் ஒரே சொல்லா? ஆமாம் என்றார். பழைய ஆங்கிலத்தில் 'லாங்கியன்' என்றால் நீளுதல். நாள் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றுவதுதான் ஏக்கம் என்ற பொருளுக்கு வந்திருக்கிறது. அப்புறம் ஒரு கவரின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். அந்தக் காலத்தில் 'நான் ஏங்குகிறேன்' என்று சொல்லாமல், 'எனக்கு நீள்கிறது' என்கிற மாதிரிதான் சொல்வார்களாம்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாம் இன்றைக்கும் அப்படித்தானே பேசுகிறோம்? எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இங்கே வந்ததிலிருந்து 'ஐ', 'ஐ' என்று தொடங்கியே பேசிப் பழகியிருந்தேன். இந்த மொழிக்கும் ஒரு காலத்தில் 'எனக்கு' இருந்திருக்கிறது.

இந்த ஊர் தேவாலய நூலகத்தில் பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. எக்ஸிட்டர் புக் என்பார்கள். அதில் கடலோடி ஒருவனின் பாட்டு உண்டு. கடலுக்குப் போகிறவனுக்கு எப்போதும் ஏக்கம்தான் என்று ஒரு வரி. அங்கே வருவது இதே சொல்தான், பழைய உருவத்தில். பாட்டி அதைச் சொன்னபோது எனக்கு எங்கள் ஆச்சி நினைவு வந்தது. தாத்தா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போவார். அவர் திரும்பும்வரை ஆச்சி "பொழுது நீண்டுட்டே போவுது" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பாளாம். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அன்று இரவு பள்ளியில் மனப்பாடம் செய்த குறளைத் தேடி எடுத்தேன்.

"ஒருநாள் எழுநாள்போல் செல்லும்சேண் சென்றார்
வருநாள்வைத்து ஏங்கு பவர்க்கு."

தூரம் போனவர் திரும்பும் நாளை எண்ணி ஏங்குகிறவர்களுக்கு ஒரு நாள் ஏழு நாளாகக் கழியும். படிக்கிற காலத்தில் இதைக் காதலர் விஷயம் என்று தாண்டிப் போய்விட்டேன். தூரம் போனவள் நானே என்பதால், இப்போது படிக்கும்போது திண்ணையில் அம்மா தெரிகிறாள். அவளுக்கும் நீளுமே.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'லென்ட்'டும் இந்த 'லாங்' குடும்பம்தானாம். வசந்தத்தில் பகல் நீள்வதால் வந்த பெயர். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து திரும்பும்போது மணி ஐந்தரை. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொடி கட்டி, யூனிஃபார்மை வெளியே போட்டேன்.

மறுநாள் அம்மா கேட்டாள், "துணி காஞ்சிட்டாம்மா?"

"பாதி காஞ்சிருக்கும்மா."